ராமில் மிச்சம் எவ்வளவு? ஓடுகிற கம்ப்யூட்டரிலேயே பார்ப்பது எப்படி

சித்திரைத் திருவிழா நெருங்கும் வாரத்தில் மதுரையில் எந்த ஃப்ளெக்ஸ் கடைக்குள் நுழைந்தாலும் ஒரே புலம்பல்தான்: "சிஸ்டம் ஸ்ட்ரக் ஆகுதுண்ணே." வந்து பார்க்கும் மெக்கானிக் முதல் வேலையாக ரீஸ்டார்ட் போடுவார். அப்புறம் எந்தப் புரோகிராம் எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறப்பார். "ராம் நாப்பது பெர்சென்ட்தான் போகுது. வைரஸா இருக்கும், ஃபார்மேட் அடிச்சிரலாம்" என்பார். மாத்திரை கொடுத்துக் காய்ச்சல் இறங்கிய பிறகு தெர்மாமீட்டர் வைப்பது மாதிரிதான் இது. ராம் என்பது ஓடுகிற புரோகிராம்கள் தற்காலிகமாகத் தங்கும் இடம். அதில் என்ன நடந்தது என்பதற்கான தடயம் மின்சாரம் இருக்கும்வரைதான். ரீஸ்டார்ட் போட்டால் போயே போச்சு.

ஆகவே முதல் விதி: மெஷின் முக்கிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். இரண்டாவது, எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்க வேண்டும். பெர்சென்ட் கணக்கு பாதி நேரம் பயமுறுத்தும், மீதி நேரம் ஏமாற்றும்.

(கட்டளைகளையும் மெனு பெயர்களையும் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

விண்டோஸில்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் நேரே திறக்கும். கன்ட்ரோல் ஆல்ட் டெலீட் போட்டு நீலத் திரை வழியாகப் போவது சுற்றுவழி. மெஷின் ஏற்கெனவே திணறும்போது அந்தத் திரை வருவதற்கே நேரம் பிடிக்கும். இன்னும் நல்லது, பெரிய வேலை தொடங்கும் முன்பே டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஓரத்தில் வைத்துவிடுவது. அதன் அமைப்புகளில் ஆல்வேஸ் ஆன் டாப் என்று ஒரு டிக் உண்டு. அதைப் போட்டுவிட்டால் ஃபோட்டோஷாப்புக்கு மேலேயே மிதந்துகொண்டிருக்கும்.

பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொடுங்கள். மேலே ஒரு கோடு ஏறி இறங்கும். எல்லாரும் பார்ப்பது அதைத்தான். பார்க்க வேண்டியது அதற்குக் கீழே மெமரி காம்போசிஷன் என்ற பெயரில் கிடக்கும் பட்டை. அது நான்கு துண்டு. மவுஸை மேலே கொண்டுபோனால் ஒவ்வொன்றின் பெயரும் தெரியும்: இன் யூஸ், மாடிஃபைட், ஸ்டாண்ட்பை, ஃப்ரீ.

மத்தியானம் ஒரு மணிக்கு சிம்மக்கல் பக்கம் ஒரு மெஸ்ஸுக்குள் நுழைவதாக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இன் யூஸ். அவர்களை எழுப்ப முடியாது. சாப்பிட்டு முடித்து, பில்லும் கொடுத்துவிட்டு, பேச்சு சுவாரசியத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஸ்டாண்ட்பை. சர்வர் லேசாகப் பார்த்தாலே எழுந்துவிடுவார்கள். கை கழுவியாகிவிட்டது, பில் இன்னும் கொடுக்கவில்லை என்றால் அது மாடிஃபைட். கணக்கை முடிக்காமல், அதாவது டிஸ்கில் எழுதாமல், அந்த இடத்தை அடுத்தவருக்குத் தர முடியாது. துடைத்துக் காயப்போட்ட வெறும் டேபிள் ஃப்ரீ.

மெஸ் நன்றாக ஓடுகிறது என்றால் ஒரு மணிக்கு வெறும் டேபிள் இருக்காது. கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஒருமுறை டிஸ்கிலிருந்து படித்த கோப்பை விண்டோஸ் சட்டென்று தூக்கி எறியாது. மறுபடி கேட்டால் உடனே கொடுக்கலாம் என்று ஸ்டாண்ட்பையில் வைத்திருக்கும். அதனால் ஃப்ரீ என்ற எண் 50 எம்பி என்று காட்டினாலும் அலற வேண்டியதில்லை. ஸ்டாண்ட்பையும் ஃப்ரீயும் சேர்ந்ததுதான் அவைலபிள். புதிதாக ஒரு புரோகிராம் வந்து இடம் கேட்டால் கொடுக்க முடிந்தது அதுதான்.

8 ஜிபி மெஷினில் அவைலபிள் ஒன்றரை, இரண்டு ஜிபி இருந்தால் மெதுவாக ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் ராம் அல்ல, வேறு எங்காவது தேட வேண்டும். 500 எம்பிக்குக் கீழே போய் அங்கேயே நின்றால் ராம்தான். இடையில் இருந்தால் சந்தேகம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க இன்னொரு இடம் உண்டு.

விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி ரெஸ்மான் என்று அடியுங்கள். ரிசோர்ஸ் மானிட்டர் திறக்கும். மெமரி பக்கத்தில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் நேராக ஹார்டு ஃபால்ட்ஸ் என்று ஒரு பத்தி இருக்கும். பெயரைப் பார்த்து ஹார்டு டிஸ்க் கோளாறு என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. கோளாறெல்லாம் இல்லை. புரோகிராம் கேட்ட துண்டு ராமில் இல்லை, டிஸ்கிலிருந்து எடுத்துவர வேண்டியிருந்தது என்று பொருள், அவ்வளவுதான். புதிதாக ஒரு புரோகிராமைத் திறக்கும்போது இந்த எண் எகிறுவது இயல்பு. திறந்து ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமுக்கு நொடிக்கு நூற்றுக்கணக்கில் நிமிடக்கணக்காக நிற்கிறது என்றால் பெரும்பாலும் ராம் போதவில்லை என்றுதான் பொருள். அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 பெர்சென்ட் என்று சிவந்து கிடக்கும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள மெஷினில் இதைப் பார்த்துவிட்டு "டிஸ்க் போச்சு" என்று மாற்றுபவர்கள் ஏராளம். எஸ்எஸ்டி போட்டதும் மெஷின் பறப்பதும் உண்மைதான். ஆனால் ராம் பற்றாக்குறை அப்படியே இருக்கும், வலி மட்டும் குறைந்திருக்கும்.

அடுத்தது கமிட்டெட். 11.8/13.9 ஜிபி என்பதுபோல இரண்டு எண்ணாகக் காட்டும். பலர் கண்ணில் படாத எண் இது. படக்கூடாத நேரத்தில் படும். புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்து "எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று வாங்கிவைத்த வாக்குறுதி முதல் எண். விண்டோஸ் கொடுக்கக்கூடிய மொத்த வாக்குறுதி இரண்டாவது. அது ராமும், ராமுக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கிய பேஜ் ஃபைலும் சேர்ந்த கூட்டல். முதல் எண் இரண்டாவதைத் தொட்டுவிட்டால் அவைலபிளில் 2 ஜிபி இருந்தாலும் பலன் இல்லை. "மெமரி குறைவாக உள்ளது, புரோகிராம்களை மூடுங்கள்" என்று செய்தி வரும், அல்லது செய்தியே வராமல் ஃபோட்டோஷாப் மறைந்துவிடும்.

இதற்குக் கடைகளில் நான் முதலில் சொல்லும் காரணம் சி டிரைவ். பேஜ் ஃபைல் வழக்கமாக அங்கேதான் இருக்கும், தேவைக்கேற்ப வளரும். டெஸ்க்டாப் முழுக்க கல்யாண ஃபோட்டோ ஃபோல்டர்களைக் கொட்டி, சி டிரைவில் 900 எம்பி மட்டும் விட்டுவைத்தால் அது எங்கே வளரும்? யாரோ யூடியூப் பார்த்துவிட்டு பேஜ் ஃபைலை நோ பேஜிங் ஃபைல் என்று மாற்றிவைத்திருப்பது இரண்டாவது காரணம். சிஸ்டம் மேனேஜ்டு என்ற பழைய நிலைக்கே திருப்பிவிடுங்கள்.

விண்டோஸும், கருவிகளை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களும் எடுத்துக்கொண்ட இடம் பேஜ்டு பூல், நான் பேஜ்டு பூல் என்று இரண்டு எண்களாகக் கீழே இருக்கும். இரண்டாவதை மட்டும் ஒரு பார்வை பார்த்தால் போதும். சில நூறு எம்பி வழக்கம். 2, 3 ஜிபி என்று வீங்கிக் கிடந்தால் ஏதோ டிரைவர் வாங்கிய இடத்தைத் திருப்பித் தரவில்லை. இந்த இடம் எந்தப் புரோகிராமின் பெயரிலும் வராது. "எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தேன், 3 ஜிபிதான் வருது, மேலே 6 ஜிபின்னு காட்டுது" என்பவர்களின் மர்மம் பாதி இங்கே அவிழும். மீதிப் பாதிக்குக் காரணம், அந்தப் பட்டியல் ஒவ்வொரு புரோகிராமும் தனக்கென்று மட்டும் வைத்திருப்பதைக் காட்டுகிறது. பொதுவில் வைத்திருப்பதும் சுருக்கிவைத்ததும் அதில் சேராது. முழு வரவுசெலவும் வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ராம்மேப் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. அதில் ஒரு பைசா விடாமல் கணக்கு வரும்.

டிரைவர் கசிவு என்று சந்தேகம் வந்தால் அதே டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கம் போய் அப்டைம் பாருங்கள். தினமும் ராத்திரி ஷட்டவுன் செய்கிற கடையில் அது 23 நாள் என்று காட்டும். பொய் இல்லை. விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று வந்தது. ஷட்டவுன் கொடுத்தால் திறந்திருந்த புரோகிராம்களை மட்டும் மூடிவிட்டு, விண்டோஸின் மையப் பகுதியான கர்னலையும் டிரைவர்களையும் அப்படியே டிஸ்கில் எழுதிவைத்து, காலையில் அதையே எடுத்து வைக்கும். கசிந்த இடமும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் கர்னல் புதிதாகத் தொடங்கும். ரீஸ்டார்ட் போட்டால் சரியாகி, ஷட்டவுன் செய்து போட்டால் சரியாகாத மெஷின் எதிரே வந்தால் இதைத்தான் நினைக்க வேண்டும்.

எண் மட்டும் போதும், படம் வேண்டாம் என்பவர்களுக்கு: கமாண்ட் ப்ராம்ப்ட்டில் சிஸ்டம்இன்ஃபோ என்று அடித்தால் டோட்டல் ஃபிசிக்கல் மெமரி, அவைலபிள் ஃபிசிக்கல் மெமரி என்று இரண்டு வரி வரும். முப்பது நொடி யோசித்துவிட்டுத்தான் சொல்லும், பொறுமை வேண்டும்.

பத்துக்கு இருபது பேனர் எவ்வளவு சாப்பிடும்

"அண்ணே, எட்டு ஜிபி போட்டிருக்கேன். எப்படிண்ணே பத்தாமப் போகும்?"

"என்ன சைஸ் தம்பி பண்றீங்க?"

"பத்துக்கு இருபது."

"ரெசல்யூஷன்?"

"அதென்னமோ... வழக்கமா இருக்கிறதுதான்."

இந்த "வழக்கமா இருக்கிறது" என்ற இடத்தில்தான் ராம் போகிறது. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 10 அடி என்பது 120 அங்குலம், 20 அடி 240 அங்குலம். அங்குலத்துக்கு 72 புள்ளி வைத்தால் 8,640க்கு 17,280. பெருக்கினால் 14 கோடியே 93 லட்சம் புள்ளி. அச்சுக்கான சிஎம்ஒய்கே முறையில் ஒரு புள்ளிக்கு 4 பைட். ஆக 59 கோடியே 72 லட்சம் பைட், அதாவது சுமார் 570 எம்பி. இது வெறும் பின்னணி, ஒரே ஒரு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்). ஃபோட்டோஷாப் ஜன்னலின் அடியில் டாக் என்று காட்டும் இரண்டு எண்ணில் முதலாவது இதுதான். லேயர்கள் சேரச் சேர ஏறிக்கொண்டே போவது இரண்டாவது.

மேலே வைக்கும் லேயருக்கு வெளிப்படைத்தன்மைக்கென்று இன்னொரு பைட் சேரும். முழு அளவு லேயர் என்றால் 710 எம்பி. தலைவர் படம், கோபுரம் படம், பூ வளையம், ஒளிவட்டம், கீழே இருபது முப்பது முகம் என்று வரிசை கட்டும்போது ஒவ்வொன்றும் முழு அளவு ஆகாது. வெற்றிடத்தை ஃபோட்டோஷாப் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஒளிவட்டம், மங்கல் எல்லாம் விளிம்புவரை பரவும், முழு லேயர் கணக்குதான். அதோடு ஹிஸ்டரி. முழுப் படத்தின் மேல் ஒரு ஃபில்டர் போட்டால், அன்டூ செய்ய வசதியாகப் பழையதையும் வைத்துக்கொள்ளும். இன்னொரு 570. நான்கு ஃபில்டர் மாற்றி மாற்றிப் பார்த்தீர்கள் என்றால் 2 ஜிபிக்கு மேல் "வேண்டாம்" என்று விட்டதற்கே போய்விட்டது.

இதையே யாராவது விவரம் தெரியாமல் 300 புள்ளியில் தொடங்கினால்? பக்கத்துக்கு நான்கு மடங்குக்கு மேல், பரப்பில் 17 மடங்குக்கு மேல். ஒரு லேயரே 9.6 ஜிபி. 16 ஜிபி மெஷினும் மண்டியிடும். அதைப் பிஎஸ்டி கோப்பாகச் சேமிக்கவும் முடியாது. பிஎஸ்டிக்கு ஒரு பக்கத்தில் 30,000 புள்ளி, மொத்தம் 2 ஜிபிதான் எல்லை. அதற்கு மேல் போனால் பிஎஸ்பியாகத்தான் சேமிக்க வேண்டும்.

பழகிய கைகள் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு அளவில், அதாவது 12க்கு 24 அங்குலத்தில், 300 புள்ளி வைத்து வேலையை முடித்துவிட்டு, பிரிண்டருக்குப் போகும்போது, படத்தை அச்சுப் புள்ளிகளாக மாற்றும் ஆர்ஐபி மென்பொருளில் பத்து மடங்கு பெரிதாக்குவார்கள். ஒரு லேயர் 99 எம்பியில் நிற்கும். அடித்த பிறகு அங்குலத்துக்கு 30 புள்ளிதான் இருக்கும். கோரிப்பாளையம் சிக்னலில் உயரத்தில் கட்டி, கீழே பைக்கில் போகிறவர் பார்ப்பதற்கு அது தாராளம். மண்டப வாசலில் கை எட்டும் உயரத்தில் நிற்கும் பேனருக்கு ஆகாது, முகம் பொரிந்து தெரியும். அதற்கு 72. எழுத்துகளை மட்டும் கோரல்டிராவில் வைத்துக்கொண்டால் எந்த அளவுக்கு இழுத்தாலும் விளிம்பு கூராக இருக்கும், ராமிலும் சுமை இல்லை.

கல்யாண ஆல்பம் செய்பவர்களுக்கு இதே கணக்கு இன்னும் லேசு. 12க்கு 36 அங்குல விரிப்பு, 300 புள்ளி, ஆர்ஜிபி: ஒரு லேயர் 111 எம்பி. அங்கே ராமைக் குடிப்பது விரிப்பு அல்ல. பின்னால் திறந்தபடியே கிடக்கும் நாற்பது ஒரிஜினல் ஃபோட்டோக்கள்தான்.

ஃபோட்டோஷாப்பில் இரண்டு இடம் பாருங்கள். ப்ரெஃபரன்சஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனால் ராமில் எத்தனை பெர்சென்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பெட்டி இருக்கும். வழக்கமாக 70. வேகம் கூடும் என்று 95க்குத் தள்ளிவிட்டால் விண்டோஸுக்கே மூச்சு முட்டும், அதனால் ஃபோட்டோஷாப்பும் நிற்கும். இன்னொன்று, டாக் எண் இருக்கும் இடத்தில் உள்ள அம்புக்குறியைத் தொட்டு எஃபிஷியன்சி என்று மாற்றிவைப்பது. 100 பெர்சென்ட் என்றால் எல்லாம் ராமிலேயே நடக்கிறது. 80, 70 என்று இறங்கினால் ஸ்க்ராட்ச் டிஸ்கில், அதாவது தற்காலிக இடமாக வைத்த டிஸ்கில், எழுதிப் படித்துக்கொண்டிருக்கிறது. ராம் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க இதைவிட நேர்மையான எண் வேறில்லை. ஒரு வாரம் கண் வைத்துப் பாருங்கள். ஃபைலை மூடிய பிறகும் டாஸ்க் மேனேஜரில் ஃபோட்டோஷாப் 4 ஜிபி பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கசிவு என்று நினைக்க வேண்டாம். அடுத்த ஃபைலுக்காகக் கையிலேயே வைத்திருக்கும், அது அதன் குணம். மூடித் திறந்தால் விட்டுவிடும்.

பழைய பேஜ்மேக்கரில் தமிழ் வேலை செய்யும் டிடிபி கடைகளுக்கு ஒரு வார்த்தை. அது 32 பிட் காலத்துப் புரோகிராம். இந்த வகைப் புரோகிராமுக்கு வழக்கமாக 2 ஜிபி, மிஞ்சினால் 4 ஜிபி. அதற்கு மேல் அதனால் தொடவே முடியாது. மெஷினில் 16 ஜிபி போட்டாலும் பேஜ்மேக்கருக்கு அது தெரியாது. பக்கத்தில் குரோமும் வாட்ஸ்அப்பும் நிம்மதியாக ஓடும், அவ்வளவுதான் லாபம்.

போட்டது 8, காட்டுவது 5.9

சில மெஷின்களில் அளவே குறைவாகக் காட்டும். இன்ஸ்டால்டு 8 ஜிபி, பக்கத்தில் யூசபிள் 5.9 ஜிபி. டாஸ்க் மேனேஜரில் ஹார்டுவேர் ரிசர்வ்டு என்ற வரி மிச்சத்தைச் சொல்லும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் திரைக்கான இடத்தை ராமிலிருந்தே வெட்டி எடுப்பார்கள். இன்டலில் இது பெரும்பாலும் கொஞ்சம்தான், 7.8 என்று நிற்கும். ஏஎம்டியில் சில மாடல்களுக்கு 2 ஜிபி வரை பிடித்துவைக்கும். பயாஸில் (மெஷின் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) யூஎம்ஏ ஃப்ரேம் பஃபர் என்ற அமைப்பு இருந்தால் குறைக்கலாம். ஷேர்டு ஜிபியு மெமரி 3.9 ஜிபி என்று வேறொரு இடத்தில் காட்டுவதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது உச்சவரம்பு மட்டும்தான், பிடித்துவைத்த இடம் அல்ல.

பாதி ராம் காணவில்லை என்றால் சங்கதி வேறு. விண்டோஸ் 32 பிட்டாக இருக்கலாம். அப்போது 4 ஜிபி போட்டாலும் 3 ஜிபிச் சொச்சம்தான் கிடைக்கும். எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் பக்கத்தின் அட்வான்ஸ்டு பெட்டிக்குள் மேக்ஸிமம் மெமரி என்று யாரோ டிக் போட்டு ஒரு எண் வைத்திருக்கலாம். வேகம் கூட்டும் வழி என்று பரவிய தவறான யோசனை அது, டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டும் இல்லை என்றால் ஸ்லாட்டில் ராம் சரியாக உட்காரவில்லை. தெருவைப் பார்த்த கடையில், ஃபேன் காற்றில், ஷட்டர் தூக்கிய தூசியில் வருஷக்கணக்காக ஓடும் மெஷினுக்கு இது சகஜம். கரண்டை அணைத்து, ஒயரை உருவி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை விட்டுவிட்டு ராமைக் கழற்றுங்கள். தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதாமல் பிரஷால் தட்டிவிட்டு மாட்டுங்கள். ஊதினால் எச்சில் ஈரம் படும். இரண்டு பக்கக் கிளிப்பும் க்ளிக் என்று சத்தம் போட வேண்டும்.

லினக்ஸில்

கல்லூரி லேபிலோ, இலந்தைகுளம், வடபழஞ்சி ஐடி பூங்காப் பக்கமோ வேலை செய்பவர்களுக்கு இந்தப் பகுதி பழக்கமாக இருக்கும். இருந்தாலும் பழைய தவறு இன்னும் நடக்கிறது. டெர்மினலில் ஃப்ரீ என்று அடித்து, ஒரு இடம் விட்டு, மைனஸ் எச் போட்டால் ஒரு வரி வரும். டோட்டல் 7.7, யூஸ்டு 3.1, ஃப்ரீ 0.3, பஃப்/கேஷ் 4.3, அவைலபிள் 3.9 என்று வைத்துக்கொள்வோம். கட்டளையின் பெயரே ஃப்ரீ என்பதால் கண் ஃப்ரீ பத்திக்குப் போகும். 300 எம்பிதானா என்று பதறி சர்வருக்கு ராம் கேட்டு மெயில் போகும். கடைசிப் பத்தியைப் பார்த்திருந்தால் கிட்டத்தட்ட 4 ஜிபி கையில் இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

கேஷ் என்பது விண்டோஸின் ஸ்டாண்ட்பை மாதிரி, படித்த கோப்புகளை வைத்திருக்கும் இடம். அவைலபிள் என்பது ஃப்ரீயும் கேஷும் சேர்ந்த கூட்டல் என்று சொல்லித்தருவதும் சரியல்ல. மேலே உள்ள எண்களிலேயே பாருங்கள், 0.3ம் 4.3ம் கூட்டினால் 4.6. காட்டுவது 3.9. கேஷ் கணக்கில் ராமிலேயே வைக்கும் டெம்ப்எஃப்எஸ் கோப்புகளும் புரோகிராம்கள் தமக்குள் பகிரும் இடமும் சேர்ந்திருக்கும். அவற்றைத் தூக்கி எறிய முடியாது. கர்னல் தன் அவசரத்துக்கென்று கொஞ்சம் ஒதுக்கியும் வைக்கும். இதையெல்லாம் கழித்து கர்னலே ஒரு மதிப்பீடு தருகிறது. ப்ராக் ஃபோல்டரில் உள்ள மெம்இன்ஃபோ கோப்பில் மெம்அவைலபிள் என்ற வரி அதுதான். 2014இல் வந்த 3.14 கர்னலில் சேர்ந்தது. அதற்கு முன்னால் ஆளாளுக்கு ஒரு கூட்டல் போட்டுக்கொண்டிருந்தார்கள். யூஸ்டு பத்தியையும் நம்பி ஸ்க்ரிப்ட் எழுதாதீர்கள். பழைய பதிப்பில் அது டோட்டலிலிருந்து ஃப்ரீயையும் கேஷையும் கழித்தது. புதிய பதிப்பில் டோட்டலிலிருந்து அவைலபிளைக் கழிப்பது. ஒரே மெஷினில் 3.1 என்பது அப்டேட்டுக்குப் பிறகு 3.8 ஆகும், எதுவும் மாறாமலே.

இப்போது திணறுகிறதா என்று பார்க்க விஎம்ஸ்டாட் என்று அடித்து இடம் விட்டு 1 போடுங்கள். நொடிக்கு ஒரு வரி ஓடும். முதல் வரியைக் கண்டுகொள்ள வேண்டாம், அது மெஷின் ஆன் ஆனதிலிருந்தான சராசரி. அடுத்த வரிகளில் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகள்: ஸ்வாப்பிலிருந்து (லினக்ஸின் பேஜ் ஃபைல்) வருவது, ஸ்வாப்புக்குப் போவது. இரண்டும் பூஜ்யமாக நின்றால் ஸ்வாப்பில் ஏற்கெனவே 1 ஜிபி கிடப்பது பற்றிக் கவலை இல்லை. எப்போதோ ஒதுக்கிவைத்த, யாரும் தேடாத சாமான் அது. இரண்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தால்தான் தொல்லை. 2018இல் வந்த 4.20 கர்னலுக்குப் பிறகு ப்ராக் ஃபோல்டருக்குள் ப்ரெஷர் என்ற ஃபோல்டரில் மெமரி என்று ஒரு கோப்பும் இருக்கிறது. கடந்த 10, 60, 300 நொடிகளில் ராமுக்காகக் காத்துக் கிடந்த நேரம் எத்தனை பெர்சென்ட் என்று அதில் எழுதியிருக்கும். எவ்வளவு மிச்சம் என்பதைவிட எவ்வளவு காத்தோம் என்ற கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது.

டாப் கட்டளையில் ஷிஃப்ட் எம் அழுத்தினால் ராம் வரிசைப்படி அடுக்கும். ரெஸ் பத்தியைக் கூட்டினால் மெஷினில் இருக்கும் ராமைவிட அதிகமாக வரலாம். பல புரோகிராம்கள் பகிரும் ஒரே இடம் ஒவ்வொன்றின் பெயரிலும் எண்ணப்படுவதால் வரும் விசித்திரம் அது. விர்ட் பத்தி இன்னும் மோசம், அதைப் பார்க்கவே வேண்டாம். டேட்டாபேஸ் திடீரென்று செத்துக் கிடந்து, லாக்கில் காரணம் இல்லை என்றால் டிமெஸ்ஜி அடித்து அவுட் ஆஃப் மெமரி, கில்டு ப்ராசஸ் என்ற சொற்களைத் தேடுங்கள். இடம் தீர்ந்ததும் கர்னலே பெரிய ஆளாகப் பார்த்து வெட்டிவிடும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி ப்ரெஷர் வரைபடம் பச்சையாக இருந்தால் மேலே எந்த எண் இருந்தாலும் விட்டுவிடலாம். மஞ்சள் அடிக்கடி வந்தால் யோசிக்கலாம். சிவப்பு என்றால் உடனே எதையாவது மூட வேண்டும்.

ராம் க்ளீனர், ராம் வாங்குதல்

ஒரு பட்டனை அழுத்தினால் 2 ஜிபி விடுதலை என்று காட்டும் க்ளீனர் மென்பொருள்களை அழித்துவிடுங்கள். அவை செய்வது இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் எல்லாவற்றையும் அவற்றின் இடத்திலிருந்து எழுப்பிவிடுகின்றன. பாதி சாப்பாட்டில் இலையைத் தூக்குவது. ஒரு நிமிடம் டேபிள் எல்லாம் காலி, எண் அழகாக இருக்கும். அடுத்த நிமிடம் எல்லாரும் திரும்பி வந்து முதலிலிருந்து பரிமாறச் சொல்வார்கள். ரெஸ்மானைத் திறந்துவைத்துக்கொண்டு அந்தப் பட்டனை அழுத்துங்கள், ஹார்டு ஃபால்ட் கோடு எகிறுவதைக் கண்ணால் பார்க்கலாம். லினக்ஸில் கேஷைக் காலி செய்யும் ட்ராப் கேஷஸ் போடுவதும் இதே ஜாதி. சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம், க்ரான் வழியாகத் தினமும் தானாக ஓடும் வேலையாக அல்ல.

உண்மையிலேயே பற்றாக்குறை என்று தெரிந்துவிட்டால் கடைக்குப் போகும் முன் டாஸ்க் மேனேஜர் மெமரி பக்கத்தின் வலது கீழ் மூலையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேகம், ஸ்லாட் எத்தனையில் எத்தனை, ஃபார்ம் ஃபேக்டர் மூன்றும் அங்கே இருக்கிறது. டிம் என்றால் டெஸ்க்டாப், சோடிம் என்றால் லேப்டாப். ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் போர்டிலேயே பற்றவைத்தது, அதைக் கழற்ற முடியாது. தனியாக ஸ்லாட் இருந்தால் மட்டும் வாங்கலாம்.

டிடிஆர்3 (ராமின் ஒரு தலைமுறை) போட்ட லேப்டாப்பில் எல் என்ற எழுத்தைக் கவனியுங்கள். டிடிஆர்3எல் 1.35 வோல்ட், வெறும் டிடிஆர்3 1.5 வோல்ட். எல் கேட்கும் லேப்டாப்பில் மற்றது போட்டால் பல நேரம் ஆன் ஆகாது. டிடிஆர்4 வேறு வெட்டு, நுழையவே நுழையாது. ஹெச்61 என்ற இன்டல் மதர்போர்டு உள்ள பழைய டெஸ்க்டாப்புக்கு இரண்டு ஸ்லாட், ஒவ்வொன்றிலும் 8, மொத்தம் 16தான் உச்சம். அந்தப் போர்டுக்கு விலை மலிவாக ஒரு 8 ஜிபி டிடிஆர்3 நீட்டினால், திருப்பிப் பார்த்து ஏஎம்டி ஒன்லி என்று ஓரத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இன்டல் போர்டில் அது ஏறாது. பழையதை மாட்டியே எடுத்துப்போய், புதியதைப் போட்டு, அதே மெமரி பக்கத்தில் ஸ்லாட் 2/2 என்று கண்ணால் பார்த்த பிறகு காசை நீட்டுங்கள்.